பொட்டு வைத்த கம்பி

விஜயலக்ஷ்மி ஒரு கணக்கை மட்டும் நம்புகிறவள் அல்ல. மயிலாப்பூரில் ஆட்டோ ஏறினால் மீட்டரையும் பார்ப்பாள், கைபேசியில் தூரத்தையும் பார்ப்பாள்.

பெருங்குடி ஆய்வுக்கூடத்தில் மருந்திலிருந்து உப்பைப் பிரிப்பது அவள் வேலை. மருந்துக் கரைசலை மெல்லிய சவ்வுப் பையில் கட்டிச் சுத்தநீர்த் தொட்டியில் விடுவாள். மருந்து பெரிது, உள்ளேயே தங்கும். உப்பு சிறியது, சவ்வைக் கடந்து தானாக வெளியேறும். தொட்டி நீரை மாற்றிக்கொண்டே இருப்பாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மொண்டு உப்பை அளக்கும் மீட்டரின் கம்பியை முக்குவாள். எண் பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் உப்பு தீர்ந்தது.

அந்தக் கம்பியையும் நம்பமாட்டாள். தினமும் கழுவி, அளவு தெரிந்த உப்புநீரில் முக்கிச் சோதித்த பிறகே வேலை.

ஆயுத பூஜையன்று எல்லாக் கருவிகளுக்கும் அவள்தான் சந்தனம் குங்குமம் வைத்தாள். மறுநாள் விஜயதசமி, நல்ல நாள் என்று புதுப் பை கட்டினாள். கம்பியின் கழுத்தில் பொட்டு பளிச்சென்று இருந்தது. அதைக் கழுவி அழிக்க மனம் வரவில்லை. இன்று ஒரு நாள் சோதனை வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

இரண்டாம் தண்ணீரிலேயே எண் இறங்கிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் இறங்கியதே இல்லை. நாள் விசேஷம் என்று நினைத்துக்கொண்டாள். மதியம் மருந்து வேனில் அடையாறுக்குப் போயிற்று. அங்கே எலிகளுக்குச் செலுத்திப் பார்ப்பார்கள்.

மாலையில் உதவியாளன் ராகேஷ் கம்பியைக் குழாய்த் தண்ணீரில் அலசினான்.

"மேடம், பெருங்குடி போர் தண்ணி டிஸ்டில்டு வாட்டரைவிட சுத்தமா கீதாமே. பாட்டில்ல அடைச்சு விக்கலாம்."

"விளையாடாதே."

"மீட்டர் சொல்லுது மேடம், நான் சொல்லல."

வாங்கி அவளே முக்கினாள். பூஜ்ஜியம். அந்தத் தண்ணீரில் பருப்புகூட வேகாது. கம்பியைத் திருப்பி நுனியைப் பார்த்தாள். உப்பை அளக்கும் சிறு பிளவில் சந்தனம் வழிந்திறங்கி, கெட்டியாகக் காய்ந்து அடைத்திருந்தது.

உப்பு நீங்காமலே மருந்து அடையாறுக்குப் போயிருக்கிறது.

அடையாறில் எலிச் சோதனையைக் கவனிப்பவர் ஸ்ரீநாத். உடனே அவரை அழைத்தாள்.

"ஸ்ரீநாத், அந்த மருந்தைத் தொடாதீங்கோ. நாளைக்குத்தானே ஆரம்பிக்கறேள்?"

"நாளைக்குன்னுதான் இருந்தோம் மேடம். விஜயதசமியாச்சே, இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்னு..."



"எலியெல்லாம் எப்படி இருக்கு?"



"ஊசி போட்டதிலேர்ந்து ஒண்ணுகூடத் தண்ணிக் கிண்ணத்தை விட்டு நகரமாட்டேங்குது மேடம். மருந்துல என்ன இருக்குன்னு கேக்கத்தான் நானே உங்களுக்குப் போன் பண்ண இருந்தேன்."