ரயிலில் செக் வரலாறு படித்தவர்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் அந்தக் கிருதா நரைத்த மனிதர் உட்காரமாட்டார். கதவோரம் நின்று, காலை ஆட்டிக்கொண்டே, ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் மன்னர்களுக்குக் கீழ் செக் மக்கள் வாழ்ந்த வரலாற்றைப் படிப்பார்.

"சாஃப்ட்வேர்ல இருந்துக்கிட்டு இத எதுக்கு சார் படிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அஞ்சு வருஷமா கிரீன் கார்டுக்கு வெயிட் பண்றேன். இவங்க விடுதலைக்கு முந்நூறு வருஷம் வெயிட் பண்ணியிருக்காங்க. எப்படித்தான் தாங்கினாங்கன்னு பாக்கறேன்."

விடுதலை கிடைக்கும் கடைசி அத்தியாயத்தை மட்டும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார். "கார்டு வந்தப்புறம்தான் இத கழட்டுவேன்."

அந்த வருடமே அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைத்தது. ஆனால் பழைய கம்பெனி போட்ட கார்டு விண்ணப்பம் அதோடு போயிற்று; மறுபடி முதலிலிருந்து.

அடுத்த வாரம் அதே கதவோரம் நின்று, புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு முந்தின நாள்தான் கார்டு வந்திருந்தது. அவர் நிமிர்வதற்குள் அடுத்த பெட்டிக்கு நழுவிவிட்டேன்.