வௌவால் கடித்த குலை

காலை ஆறே கால் மணி. தட்டும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்ததும் திராட்சைத் தோட்டக்காரர் ஒரு குலையை எங்கள் வாசலில் போட்டார். பாதிப் பழம் கடிபட்டிருந்தது.

ஓடைப்பட்டிக்கு மேலே, மலையடிவாரத்தில் என் மகள் நர்ஸாகச் சேர்ந்த முதல் வருடம் அது. நான் வேலை பார்த்த பள்ளிக்கு விடுமுறை என்பதால் அவளுக்குத் துணையாக நான் போயிருந்தேன். மலேரியாவுக்காக அவள் வீடு வீடாகக் கொடுத்த கொசுவலைகளை ஊரார் பழுத்த பன்னீர்த் திராட்சைப் பந்தலில் போர்த்தியிருந்தார்கள். பழம் பத்திரமாக இருந்தது. பிள்ளைகள் குளிர்காய்ச்சலில் நடுங்கினார்கள்.

மகள் சண்டை போடவில்லை. பகலில் குருவிகளுக்காக வலை பந்தலில் கிடக்கட்டும், பொழுது சாய்ந்ததும் கட்டிலுக்கு வரட்டும் என்று பெண்களிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தாள். ராத்திரி வௌவால் வருமே என்றார்கள். ஆண்கள் தகரம் தட்டிக் காவல் இருப்பதாக முடிவானது.

"டீச்சரம்மா, ஒங்க மக கொசுவுக்கு மட்டுந்தான் படிச்சாகளா? வவ்வாலுக்குப் படிக்கலையா?" என்று அன்று காலை வாசலில் நின்று தோட்டக்காரர் கத்தினார். "வலை எல்லாம் இப்பவே பந்தலுக்குத் திரும்பணும். ராவும் பகலும் அங்கனதான் கெடக்கும்."

அவர் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவள் விடுவித்துக்கொண்டு வெளியே போய், அந்தக் குலையைக் கையில் எடுத்தாள்.

"நட்டந்தான், அண்ணே. இல்லேங்கல. ஆனா பொழுது சாஞ்ச பெறகு வலை பந்தல்ல கெடக்க நான் ஒத்துக்க மாட்டேன்."

அவள் குரல் நடுங்கவில்லை. இன்றும் விடிகாலையில் யாராவது கதவைத் தட்டினால் நான் உடனே திறப்பதில்லை. ஆனால் அன்று அந்த முதுகைப் பார்த்து நின்றபோது, இவளையா நான் பெற்றேன் என்றிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தோட்டக்காரரின் மனைவி வந்தார். இடுப்பில், தூக்கம் கலையாத சின்ன மகள்.

"ராத்திரி தகரத்தத் தலைக்கு வச்சுக் கொறட்ட விட்டது நர்சம்மாவா, நீங்களா?" என்று புருஷனைக் கேட்டார். யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா என் மகள் பக்கம் திரும்பினார்.

"பழம் அடுத்த காய்ப்புல வரும், ஆத்தா. எம்மக ரெண்டு வாரமா நடுங்காமத் தூங்குறா. ராத்திரில வலை எங் கட்டில விட்டு எறங்காது. வவ்வால இவுக பாத்துக்கிருவாக."