பாக்கியம் அக்காவின் வெள்ளையணுக்கள்

வெள்ளையணுவை உயிரோடு மலையேற்றுவதுதான் என் பிழைப்பு. ரத்தம் எடுக்கும் சக தொழிலாளிகளே, சிரிக்காதீர்கள். மூன்றரை மணி நேர வளைவு ரோட்டில் டியூபை மடியில் வைத்துக்கொண்டு வந்து பாருங்கள், தெரியும்.

புகையிலை போடுகிறவர்களுக்கு ஜீன் மாற வேண்டியதே இல்லை. அதன் மேல் சில ரசாயனக் குறிகள் ஒட்டிக்கொண்டாலே போதும். வெள்ளையணு எவ்வளவு வேகமாக ஓடும், எத்தனை நேரம் பிழைக்கும் என்பதையெல்லாம் அந்தக் குறிகள் மாற்றிவிடும். புகையிலையை விட்டால் குறி அழியுமா என்று பார்ப்பதுதான் ஊட்டியில் எங்கள் ஆய்வகத்தின் வேலை.

சவால்

அந்த மூன்றரை மணி நேர ரோட்டின் மறுமுனையில், சேரம்பாடியில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர் பாக்கியம் அக்கா. அட்டை கடிக்காமலிருக்கக் காலில் பூசவென்று வாங்கும் புகையிலையில் பாதி அவர் வாய்க்குள் போய்விடும். அவருடைய அணுக்கள் ஊர்ந்த லட்சணத்தை வீடியோவில் காட்டினேன். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னையோட விட்டேனுங்க. ஆறு மாசம் கழிச்சும் இதுங்க இப்படியே சோம்பிக் கெடந்தா, அன்னைக்கே ரெண்டு பொட்டலம் வாங்கிப் போட்டுக்குவேன், பார்த்துக்கோங்க!"

உபகாரம்

ஆறு மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். மறுபடி ரத்தம் எடுத்தேன். இந்த அணுக்களுக்கு ஐஸ் ஆகவே ஆகாது. வழியில் நடுவட்டத்தில் நான் டீ குடிக்க இறங்கிய நேரத்தில், ஜீப் ஓட்டும் வர்கீஸ் சேட்டன் மீன் வண்டியில் ஐஸ் கேட்டு வாங்கி, பெட்டி நிறையக் கொட்டி வைத்திருந்தார். எல்லாம் பாழ்! கத்தலாமென்று வாயைத் திறந்தேன். மனுஷன் முகத்தில் அவ்வளவு பெருமை.

"மீனுக்கே ஐஸ் வேணும் மோளே, மனுஷன் ரத்தத்துக்கு வேண்டாமா?"

உறைபனி

அடுத்த வாரம் அக்கா முணுமுணுக்காமல் மறுபடி கையை நீட்டினார். இந்த முறை பெட்டியை விட்டுவிட்டு நான் ஜீப்பிலிருந்து இறங்கவே இல்லை. ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றுகூட அசையவில்லை. பொட்டலக் கடைதான் கண்முன்னே வந்தது. அழுதேவிட்டேன். எங்கள் சீனியர் லோகநாதன் சார் வந்து தகட்டைத் தொட்டுப் பார்த்தார். வெளியே உறைபனி. கண்ணாடித் தகட்டுக்கு உடம்புச் சூடு கொடுக்கும் ஹீட்டரைப் போட மறந்திருந்தேன். அவர் போட்டுவிட்டார். கால் மணி நேரத்தில் அணுக்கள் ஓட ஆரம்பித்தன. என்ன ஓட்டம்! சார் சிரித்தார்.

"நீங்க ரெண்டு ஸ்வெட்டர் போட்டுட்டுத்தானுங்க நடமாடுறீங்க, அதுங்களுக்கு மட்டும் குளிராதா?"

மிச்சம்

வீடியோவை அக்கா நாலு தடவை பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் குறிகளின் ரிப்போர்ட்டும் வந்திருந்தது. கொஞ்சம்தான் அழிந்திருந்தது, மீதி அப்படியே இருந்தது. ஒருத்தர் ரத்தத்தை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. பொய் சொல்ல மனசு வரவில்லை. பயந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஐந்தாம் தடவையாக வீடியோவை ஓட்டிப் பார்த்தார்.

"எனக்கே இன்னும் தெனம் அந்த நெனப்பு வருதுங்க, அதுங்க மட்டும் அதுக்குள்ள மறந்துருமா? பாவம், இன்னொரு ஆறு மாசம் குடுப்போம்."

சம்பளம் எனக்கு, வைராக்கியம் முழுக்க அக்காவுக்கு, ஆராய்ச்சி என்ற பேர் மட்டும் எங்கள் ஆய்வகத்துக்கு.