பின்சக்கரத்துக்கு மூன்று விரற்கடை உயரம்

எரிந்த ரப்பரின் வாசனை எங்காவது வந்தால் இப்போதும் என் வலது கை தானாகப் பாவாடையை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. நாங்கள் குடியிருந்த கஜா பெராங்கிலிருந்து உஜோங் பாசிர் பக்கம் இருந்த ஆங்கிலப் பள்ளிக்கு அப்பாவின் மோட்டார் சைக்கிளில், எங்கள் பேச்சில் "மோட்டாரில்", பின்னால் உட்கார்ந்து போன நாட்களின் வாசனை அது. மெர்டேக்கா என்ற சுதந்திர நாள் நெருங்கியபோது சீமைக்குக் கப்பலேறிய தோட்டத்துத் துரை, தன் காரை ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் விட்டுப்போன பழைய வண்டி. நெடும்பயணத்துக்கென்று செய்த கனமான வண்டி. பின் ஸ்பிரிங்குகள் இரண்டும் தளர்ந்திருந்ததால் நாங்கள் ஏறியதும் அது அடைகாக்கும் கோழிபோல் குந்திக்கொள்ளும், மட்கார்டு டயரில் உரசிப் புகையும், வாசலில் "லோங்காங்" என்று நாங்கள் சொல்லும் சாக்கடையின் பலகையைக் கடக்கும்போது புகைக்குழாய் இடிக்கும்.

"ரெண்டு பேரத் தாங்காத வண்டின்னா புள்ள வீட்டுலயே இருக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டார். என்னைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப அவருக்கு மனமில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், ஆறாம் வகுப்புத் தேர்வோ மறுநாள் காலை.

அன்று மாலை, தெருமுனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த காதர் மாமா பழைய தண்ணீர்க் குழாயிலிருந்து வளையங்களை அறுத்துக் கொண்டுவந்தார். அவற்றை ஸ்பிரிங்குகளுக்கு மேல் செருகினால் பின்பக்கம் மூன்று விரற்கடை உயரும் என்பது அவரும் அப்பாவும் போட்ட கணக்கு. வண்டியோடு வந்த கையேட்டை நான் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். பின்பக்க உயரத்தை மாற்றினால் ஸ்டாண்டின் கால் எட்டாது, அதையும் நீட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. சொன்னேன்.

"புத்தகம் எழுதுன தொர இங்க வந்து ஸ்பேனர் புடிக்கப்போறானா?" என்றார் அப்பா.

"இவ்வளவு படிச்ச புள்ளைக்கு மாப்பிள்ள எங்கண்ணே தேடப்போறீங்க?" என்று காதர் மாமா சிரித்தார்.

மூன்றாவது முறை சொன்னபோது, உள்ளே போய்ப் பாடத்தைப் பார் என்று விரட்டினார்கள்.

காலையில் வண்டி வாலைத் தூக்கிக்கொண்டு கம்பீரமாகத்தான் நின்றது. நடு ஸ்டாண்டில் நிறுத்தினால் அந்தரத்தில் சுழல வேண்டிய பின்சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்ததை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. வேலை முடிந்த வண்டி என்பதால் அம்மா சூடம் காட்டி, முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்தார். என்னை ஏற்றி உட்காரவைத்துவிட்டு அப்பா ஸ்டார்ட்டரை ஓங்கி மிதித்தார். ஸ்டாண்டு மடங்கியது. வண்டி வாசல் சரிவில் பின்னுக்கு உருண்டு, என்னோடு சேர்ந்து லோங்காங்கில் சாய்ந்தது. கிளச்சுப் பிடி முறிந்துவிட்டது. எலுமிச்சம்பழம் மட்டும் நசுங்காமல் அப்படியே கிடந்தது.

சேற்றுப் பாவாடையோடு காதர் மாமாவின் சைக்கிள் கேரியரில் நான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது கணக்குத் தாள் முடிய அரை மணி நேரமே மிச்சம் இருந்தது. எனக்குக் கணக்கு நன்றாக வரும். அதிலேயே தோற்று, அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார்ந்தேன். அப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. ஸ்டாண்டின் காலுக்கு அடியில் வைக்க ஒரு மரக்கட்டையை அறுத்துக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். அடுத்த வருடம் முழுவதும் அந்தக் கட்டையை வைத்து எடுக்கும் வேலை என்னுடையது. அந்த முறை தேறினேன், அதற்குப் பின் எந்தத் தேர்விலும் தோற்கவில்லை.

இன்று அந்த வண்டி இல்லை, காதர் மாமாவின் கடையும் இல்லை, லோங்காங்கின் மேல் சிமெண்டுப் பாலம் போட்டுவிட்டார்கள். மரக்கட்டை மட்டும் எங்கள் சமையலறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் அண்டை கொடுத்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் அப்பா புதிதாக ஒரு சின்ன மோட்டார் வாங்கினார். அதன் கையேட்டை உறைகூடப் பிரிக்காமல் என் மேசைமேல் வைத்து, "நீ படிச்சிச் சொல்லு, அப்பறந்தான் ஏறுவேன்" என்றார்.

ஒரு வாரமாகிறது. அவர் தினமும் பஸ்ஸில்தான் போகிறார். மூன்றாவது முறையும் அவர் வந்து கேட்கட்டும் என்று நான் இன்னும் உறையைப் பிரிக்கவில்லை.