ஆறுக்குப் பிறகு ஒன்பது

நாட்டைவிட்டு வந்து குடியேறின அஜின்கோர்ட்டில ஜிம்முக்குப் போகத் தொடங்கி ரெண்டு கிழமை. எல்லாரும் என்ர வயித்தைத்தான் பார்க்கினம் எண்டு ஒரே கூச்சம். சுவரைப் பார்த்துக்கொண்டு நிண்டுதான் டம்பெல் தூக்குவன். பத்துத் தரம் தூக்கவேணும். ஆறோட களைச்சுப்போடுவன். இந்த ஜிம்மில ஆருக்குத் தமிழ் விளங்கப்போகுது எண்ட துணிவில, "அஞ்சு, ஆறு, ஒன்பது, பத்து" எண்டு வாய்விட்டு எண்ணி முடிச்சிடுவன்.

அண்டைக்குப் பக்கத்தில ஹிஜாப் போட்ட ஒரு பிள்ளை, என்னைவிட மூண்டு மடங்கு பாரம் தூக்கிக்கொண்டு நிண்டா. நான் "ஆறு" எண்ட உடன, அவ திரும்பாமலே மெல்லமாச் சொன்னா: "ஏழு."

எனக்கு முகமெல்லாம் சுட்டுப்போச்சு. "நீங்கள் தமிழோ?"

"ஓம் அக்கா, மன்னார். ரெண்டு கிழமையா நீங்கள் எண்ணுறதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்." சிரிச்சா. "நானும் முதல்ல நாலில இருந்து பத்துக்குப் பாய்ஞ்ச ஆள்தான். எட்டை நான் சொல்லுறன், நீங்கள் தூக்குங்கோ."

தன்ர பாரத்தைக் கீழ வைச்சிட்டு, நான் பத்து முடிக்கும்வரைக்கும் நிண்டு எண்ணினா. என்ன பெரிய மனசு!

ஏழும் எட்டும் எனக்கு இப்பவும் பாரம்தான். ஆனா ஆரும் பார்க்கக்கூடாது எண்டு பயந்த நான், எட்டு வரேக்க அவ பார்க்கிறாவோ எண்டு திரும்பித் தேடுறன்.