பேட்டரி இல்லாத லாரி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வேண்டுமானால் என்கூட வேலை பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கடலூரில் ஒரு கார் ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் இருக்கிறேன். வண்டி ஏன் நின்றது என்று கேட்டு வருகிறவர்களுக்கு லேப்டாப்பைச் செருகிக் காரணத்தைக் காட்டுவதுதான் என் பிழைப்பு. காரணம் இல்லாமல் எந்த வண்டியும் நிற்காது, கிளம்பவும் கிளம்பாது. இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் கீரப்பாளையத்தில் அன்றைக்கு நடந்ததற்கு என்னிடம் காரணம் இல்லை, நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி.

கீரப்பாளையம் என் கணவர் சேவியரின் ஊர். பழைய வீட்டில் அவருடைய தங்கை லில்லி மட்டும் இருக்கிறாள். வீட்டை ஒட்டிய கொட்டகையில் என் மாமனாரின் லாரி நின்றது. நெல்லும் கரும்பும் ஏற்றி அவர் ஆயுசு முழுக்க ஓட்டிய வண்டி. அவர் இறந்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. எடைக்குப் போட்டுவிடலாம் என்று பேசி முடித்து, பழைய இரும்புக்காரர் வந்து முதலில் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். மழை விட்டதும் மற்றதை எடுப்பதாகப் பேச்சு.

மழை எங்கே விட்டது? லில்லியைப் பார்க்க நாங்கள் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாய்க்கால் உடைத்துக்கொண்டு தண்ணீர் வாசலுக்கே வந்துவிட்டது. மாட்டை அவிழ்த்துவிடப் பின்பக்கம் போன சேவியர் ஐயோ என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தால் கணுக்காலில் பல் பட்ட இடம். நல்ல பாம்பு, அது படத்தைச் சுருக்கிக்கொண்டு தண்ணீரில் நெளிந்து போனதை நானே பார்த்தேன்.

ஆம்புலன்ஸுக்கு லில்லி போன் போட்டாள். "அண்ணி, ரோடு பூரா தண்ணியாம். சுத்திக்கினுதான் வரணும், நேரமாவும்ன்றாங்க."

"கார்லயே போயிடலாம், புடி அவர."

எங்கள் கார் புத்தம் புதுசு. தெருமுனை தாண்டுவதற்குள் தண்ணீர் பம்பரைத் தொட்டது. திரையில் ஒரு மஞ்சள் விளக்கு, அப்புறம் ஒரு சிவப்பு விளக்கு, அப்புறம் மொத்தமும் அணைந்து வண்டி உட்கார்ந்துவிட்டது. தண்ணீரில் நின்றால் மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவள் நான், அன்றைக்குப் பைத்தியம் மாதிரி அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

கடிபட்டவரை நடக்கவிடக் கூடாது. நானும் லில்லியும் ஆளுக்கொரு பக்கமாக அவரைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அக்கம்பக்கத்தில் உயரமான இடம் என்றால் லாரியின் கேபின்தான். எப்படி ஏற்றினோம் என்று தெரியவில்லை, நடுவில் அவரை உட்காரவைத்து லில்லி தாங்கிப் பிடித்துக்கொள்ள, நான் டிரைவர் பக்கம் ஏறினேன்.

"மேரி, கண்ணு தொறக்க முடியல," என்றார். நாக்கு குழறியது. இமைகள் இரண்டும் தொங்கிவிட்டன. லில்லி இயேசப்பா, இயேசப்பா என்று அழுகிறாள். அப்போதுதான் சீட் அதிர்ந்தது. லாரி ஒரு முறை இருமியது, கறுப்பாகப் புகையைக் கக்கியது, சீராக ஓட ஆரம்பித்தது.

"அண்ணி, இன்னா பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலடி! கைகூட வெக்கல."

"பேட்டரிதான் அவுத்துக்கினு போய்ட்டாங்களே!"

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பழைய டீசல் இன்ஜின் ஒரு முறை ஓட ஆரம்பித்தால் பேட்டரி வேண்டாம். நிஜம்தான். நனைந்து கெட்டுப்போக அதில் கம்ப்யூட்டரும் கிடையாது, பாதிச் சக்கரம் தண்ணீரில் இருந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். எல்லாம் சரி. ஆனால் முதல் சுற்றை யாராவது சுற்றிவிட வேண்டும், இல்லை தள்ளியாவது விட வேண்டும். யாருமே தள்ளவில்லை.

யோசிக்க நேரமில்லை. லாரி ஓட்டிப் பழக்கமே இல்லாதவள் கியரைப் போட்டேன். கொட்டகையை விட்டு வெளியே வந்து, நின்றுபோன எங்கள் காரை உரசுகிற மாதிரித் தாண்டினோம். வயலும் ரோடும் ஒரே தண்ணீர். கரன்ட் கம்பங்களை வைத்துத்தான் வழியைக் கண்டுபிடித்தேன். ஒரு இடத்தில் ரோடு இடதுபக்கம் வளைகிறது என்று நினைத்து ஸ்டியரிங்கைத் திருப்பினேன், திரும்பவில்லை. இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன், இம்மி அசையவில்லை. வலதுபக்கம் தானாக இளகியது. நான் திருப்பப் பார்த்த இடத்தில் மதகை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்ததை, தண்ணீர் வடிந்த பிறகு கண்ணால் பார்த்தேன்.

மெயின் ரோட்டில் கார்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன, எல்லாம் புதுசு, எல்லாவற்றிலும் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண், அவள் புருஷன், இன்னும் நாலைந்து பேர் கையை ஆட்டினார்கள். வேகத்தைக் குறைத்தேன், தொற்றி ஏறிக்கொண்டார்கள். "போம்மா, நிறுத்தாத, அழுத்து!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். எனக்கு அழுகையும் வந்தது, அதற்கு மேலே ஒரு வெறியும் வந்தது. மழைக்குள் சிதம்பரம் கோபுரம் தெரிந்தபோது, "வந்துட்டோம்ணா, வந்துட்டோம்!" என்று லில்லி அண்ணனை உலுக்கினாள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது, உடனே மருந்து ஏற்றினார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் சேவியர் கண்ணைத் திறந்தார்.

"கார்லயா வந்தோம்?"

"ஒங்கப்பா லாரிலங்க. நான்தான் ஓட்டிக்கினு வந்தேன்."

அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸே எட்டிப் பார்த்தாள்.

இரும்புக்காரரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். லாரிக்குப் புது பேட்டரி போட்டோம், இப்போது அது நெல் ஏற்றுகிறது. டிரைவர் வைத்திருக்கிறோம். தெருவில் என்னை லாரிக்காரம்மா என்றே கூப்பிடுகிறார்கள், எனக்கும் அது பெருமைதான்.

கிறிஸ்துமஸ் அன்று தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வரலாம் என்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கால் எட்டவில்லை. சீட் நுனிக்கு நகர்ந்தும், இடது கால் கிளட்சுக்கு ஒரு சாண் மேலேயே தொங்கியது. அந்த சீட்டை முன்னே நகர்த்தவே முடியாது. தரையோடு சேர்த்து போல்ட் முடுக்கியிருக்கிறது, போல்ட்டெல்லாம் துருப்பிடித்து வருஷக்கணக்காகிறது. மாமனார் நல்ல உயரம், அவர் காலுக்கு வைத்த சீட்.

அன்றைக்குச் சிதம்பரம் வரைக்கும் கியர் மாற்றி மாற்றித்தான் ஓட்டினேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிளட்சை மிதித்தது மட்டும் ஞாபகம் இல்லை.