புகைபோக்கிக்கு இரண்டு நாள் பூட்டு

எங்கள் மலையின் வடக்கு முகத்தில் செங்குத்தாக இறங்கும் ஒரு பிளவு இருக்கிறது. இரண்டு பக்கமும் கரும்பாறை, நடுவில் ஒரு பேருந்தைக் குறுக்கே நிறுத்தும் அகலத்துக்குப் பனி. புகைபோக்கி என்று பெயர். அடிவாரத்துக் கடையில் தேநீர் ஊற்றிக்கொண்டே சன்னல் வழியாகப் பார்த்தால் உச்சி முதல் அடிவரை தெரியும். காலையில் அதில் முதலில் சறுக்கி இறங்கியது யார் என்று சொல்ல எனக்கு ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. பனியில் விழுந்த கோடு போதும்.

இருபத்து மூன்று குளிர்காலமாக அந்தக் கோடு இஷ்பெல் மெக்கேஸ்கிலுடையது. குறுகலான, ஒரே அளவான வளைவுகள், கோணிப்பை தைத்த தையல் மாதிரி. அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தத் தையல் விழுந்துவிட்டால் புகைபோக்கி திறந்துவிட்டது, தைரியமாகப் போகலாம் என்று அர்த்தம். ஜனங்கள் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

இஷ்பெலின் அப்பா மான் காட்டில் காவலாள், அம்மா தபால் வண்டி ஓட்டினாள். இவள் கோடையில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள். அந்தப் பேருந்தில் பிள்ளைகள் தும்முவதற்குக்கூட அனுமதி கேட்கும். குளிர்காலத்தில் மலையில் ரோந்து. கால் முறிந்தவனைப் படகு போன்ற வண்டியில் கட்டி இறக்குவது, ஆபத்தான இடத்தில் கயிறு கட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாகப் புகைபோக்கியைச் சோதிப்பது. எங்கள் பக்கம் பனி வானத்திலிருந்து மட்டும் விழுவதில்லை. பக்கத்து மலையில் இருப்பதைக் காற்று திருடிக்கொண்டு வந்து கொட்டும். மேலே பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். அடியில் ஒட்டாமல் கிடந்தால் ஒரு ஆளின் பாரத்துக்கே முழுப் பலகையாகக் கழன்று ஓடிவிடும்.

அதனால் சோதிக்க இரண்டு பேர் போவார்கள். ஒருவர் உள்ளே இறங்கும்போது மற்றவர் பாறையில் நின்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். இருவரில் யாராவது ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் அன்றைக்குப் புகைபோக்கியின் வாசலில் இரண்டு மூங்கில் குறுக்கே விழும். காரணம் கேட்கக் கூடாது.

அந்த விதி வந்ததே இஷ்பெலால்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் பாறையில் காவல் நின்றாள். கூட வேலை பார்த்த டூகி இறங்கினான். அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாததைச் சொல்வானேன் என்று வாயை மூடிக்கொண்டாள். பனி கழன்று டூகியைக் கழுத்துவரை புதைத்தது. இடுப்பு எலும்பு போயிற்று. இன்றைக்கு டூகிதான் ரோந்துத் தலைவன், நொண்டிக்கொண்டுதான் நடக்கிறான். அந்த வருஷமே இரண்டு பேருமாகச் சேர்ந்து விதியை எழுதி ரோந்துக் குடிசைச் சுவரில் ஒட்டினார்கள்.

இந்தக் குளிர்காலம் ரோந்துக்குக் கிரியர் வந்தாள். இருபத்தொன்பது வயது, பிரான்சு மலைகளில் ஆறு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். ஜனவரியில் ஒரு நாள் இஷ்பெல் பல் வலி என்று விடுப்பு எடுக்க, கிரியர் புகைபோக்கியில் இறங்கினாள். பத்தே வளைவுகள். நீளமாக, ஒன்றிலிருந்து ஒன்று ஊற்றினாற்போல.

அன்று வேறு யாரும் இறங்காததால் மறுநாளும் அந்தக் கோடு அழியாமல் இருந்தது. டன்டி நகரத்திலிருந்து சனிக்கிழமை தவறாமல் வரும் பல் வைத்தியர் கில்கிரிஸ்ட் சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். “மார்சலி, இருபது வருஷமா வர்றேன். இந்தப் பிளவுல இப்படி ஒரு கோடு பாத்ததே இல்ல” என்றார் என்னிடம். இஷ்பெல் அவருக்குப் பின்னால்தான் பருப்பு சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

“சூப்புல உப்பு ஜாஸ்தி” என்றாள்.

“நேத்துப் போட்ட அதே உப்புதான்.”

“அப்ப நேத்தும் ஜாஸ்தி.”

அதற்குப் பிறகு அவள் வாயில் கிரியர் பேர் வரவில்லை. ‘அந்தப் பிரெஞ்சுக்காரி’ என்றாள். கிரியர் பிறந்தது ஆறு மைல் தள்ளி இருக்கும் கிராமத்தில். வீட்டில் ஸ்ட்ரூவன், அதாவது புருஷன், ஆட்களை மேலே கொண்டுபோகும் இழுவைக் கம்பியைப் பழுது பார்ப்பவன், தெரியாமல் “அந்தப் பொண்ணு நல்லா சறுக்குது” என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் தானே முட்டை வறுத்துத் தின்றான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. இரண்டு நாள் அடித்த காற்று அடங்கி வெயில் வந்துவிட்டது. கார் வரிசை பெரிய ரோடு வரைக்கும் நின்றது. குடிசையில் டூகி சொன்னான்: “கிரியர் முதல்ல இறங்கட்டும். இஷ்பெல், நீ நின்னு பாத்துக்க. கூட்டம் எக்கச்சக்கம், சீக்கிரம் திறக்கணும்.”

சீக்கிரம் என்ற ஒரு சொல் போதாதா அவளைக் குத்த? இஷ்பெல் சறுக்குப் பலகைகளைத் தோளில் போட்டாள்.

மேலே கிரியர் குழி வெட்டினாள். பனியின் அடுக்குகளைக் கையால் தடவிப் பார்த்தாள், ஒரு துண்டைத் தனியாக அறுத்து மண்வெட்டியை வைத்து அதன்மேல் தட்டினாள். முப்பது தட்டுக்கும் அசையவில்லை. “நல்லா ஒட்டியிருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?”

இஷ்பெல் குனிந்து பார்த்தாள். அந்த மாதிரிப் பனி ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வரும். உறுதி, மேலே ஒரு விரற்கடை மாவுப் பனி. எந்தக் கத்துக்குட்டி இறங்கினாலும் கோடு அழகாக விழும். கிரியர் இறங்கினால் எப்படி விழும்! கில்கிரிஸ்ட்டின் மூக்கு சன்னலில் ஒட்டிக்கொண்டிருப்பது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது.

“வேண்டாம்” என்றாள்.

கிரியர் மூங்கிலை எடுத்துக் குறுக்கே கட்டினாள். இதையெல்லாம் இஷ்பெலே பின்னால் என்னிடம் சொன்னது.

கடையில் அன்று முணுமுணுப்பு தாங்கவில்லை. கில்கிரிஸ்ட்தான் எல்லோரையும் அடக்கினார். “இஷ்பெல் வேண்டாம்னு சொன்னா ஏதோ இருக்கும்யா. அந்தம்மா சும்மா சொல்லாது.” இஷ்பெல் சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டூகி மாற்றிப் போட்டான். இஷ்பெல் இறங்க, கிரியர் காவல். இஷ்பெல் ராத்திரியே பலகை விளிம்புகளைத் தீட்டி மெழுகு தேய்த்து வைத்திருந்தாள். அதே வெயில், அதே பனி. குழி வெட்டிப் பார்த்துவிட்டு, “சரியா இருக்கு. இறங்குறேன்” என்றாள்.

“வேண்டாம்” என்றாள் கிரியர்.

“என்னது?”

“வேண்டாம்.”

“ஏன்…” என்று ஆரம்பித்த வாய் அப்படியே நின்றது. விதியை எழுதியவளே எப்படிக் கேட்பது? இரண்டாம் நாளும் மூங்கில் விழுந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் பனியின்மேல் இரண்டு முயல்கள்தான் ஓடின.

திங்கள் காலை டூகி எட்டு ரோந்துக்காரர்களையும் குடிசைக்குள் உட்காரவைத்தான். நான் ரொட்டிக்கூடை கொண்டுபோயிருந்தேன், வெளியே வர மனமில்லாமல் தேநீர் ஊற்றுகிற சாக்கில் நின்றேன்.

“ரெண்டு நாளா எனக்குத் திட்டு வருது, அது பரவால்ல” என்றான் டூகி. “ஆனா ஒரே பனிய ஒரு நாள் ஒருத்தி நல்லாருக்குங்குறா, இன்னொருத்தி வேண்டாங்குறா. மறுநாள் அப்படியே தலைகீழ். இனிமே வேண்டாம்னு சொல்றவங்க காரணத்தையும் எழுதிக் குடுக்கணும். எழுத முடியலன்னா திறந்துடுவோம்.” சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தின் ஒரு மூலையை நகத்தால் நிமிண்டினான்.

இஷ்பெல் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்தது. இனி ஒரு நாள் யாரோ ஒருவர் பாறையில் நிற்பார், ஏதோ சரியில்லை என்று படும், என்ன என்று எழுதத் தெரியாது, வாயை மூடிக்கொள்வார்.

“அதைக் கிழிக்காத, டூகி” என்று எழுந்தாள். “சனிக்கிழமை பனியில ஒண்ணுமில்ல. தங்கம் மாதிரி இருந்துச்சு. எனக்குத்தான் வயிறெரிஞ்சுச்சு.”

“யாரப் பாத்து?”

முகவாயால் கிரியரைக் காட்டினாள். கேலம் என்கிற ரோந்துப் பையன் குடித்த தேநீரை மூக்கு வழியாக விட்டான்.

“எனக்கு அம்பத்தி நாலு” என்றாள் இஷ்பெல், யாரையும் பார்க்காமல். “சின்னச் சின்னதா வளைச்சுத்தான் இறங்கத் தெரியும். அதுக்கு மேல வராது. அவ கோடு அங்க கிடக்குறத இன்னொரு நாள் பாக்க முடியாதுன்னு தோணுச்சு. சொல்லிட்டேன். அவ்வளவுதான்.”

கிரியரின் காது சிவந்துவிட்டது. “ஞாயித்துக்கிழமை என்னோடதும்… பாதி.”

“பாதியா?” என்றான் டூகி.

“இடது ஓரத்துல பனி அடியில காலியா இருக்குற மாதிரிச் சத்தம் குடுத்துச்சு. நிஜமா. ஆனா அதுக்கு மட்டும்னா சொல்லியிருக்க மாட்டேன். முந்தின நாள் ஆத்திரம். அவங்க வேணும்னே சொன்னாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமா கட்டுன மூங்கில?” என்றாள் இஷ்பெல்.

“விதின்னா விதிதானே.”

டூகி வெகுநேரம் இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு காகிதத்தின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான். “விதி இருக்கும். நீங்க ரெண்டு பேரும் ஒரு வாரம் பாலர் சரிவுல இருப்பீங்க. புகைபோக்கியக் கேலமும் ராபியும் பாத்துப்பாங்க.” மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த கேலம் விறைப்பாக உட்கார்ந்தான்.

பாலர் சரிவு என்பது என் கடைக்கு நேர் எதிரே, ஐந்து வயதுப் பிள்ளைகள் இழுவைக் கம்பியிலிருந்து மூட்டை மூட்டையாக விழும் இடம். அன்று காலையிலேயே அந்த மூட்டைகளைத் தூக்கி நிறுத்திக்கொண்டு ஒரு முனையில் இஷ்பெல், மறுமுனையில் கிரியர். நடுவில் முப்பது அடி தூரம், பேச்சில்லை.

பத்து மணிக்கு மூங்கில் எடுத்தார்கள். கேலம் புகைபோக்கியில் இறங்கினான். கடையில் எல்லோரும் சன்னலுக்கு வந்தார்கள். பாலர் சரிவில் இரண்டு தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

கோடு பன்றி உழுத வயல் மாதிரி விழுந்தது.

முப்பது அடி இருபதாயிற்று, பத்தாயிற்று. நான் கதவைத் திறந்து வைத்தேன், காற்றுக்காக.

“மலைப்பக்கம் சாயுறான் பாரு” என்றாள் இஷ்பெல். “செங்குத்துல மலைப்பக்கம் சாஞ்சா பலகை பிடிப்பே விட்டுடும். தோள் பள்ளத்தப் பாக்கணும்னு எத்தன தடவ சொல்றது!”

“ஊன்றுகோல் எங்க போகுது அவனுக்கு? ஈ ஓட்டுறானா?” என்றாள் கிரியர்.

“இந்தா, பாதியில நின்னுட்டான்.”

“பயந்துட்டான்.”

“பயந்தா பரவால்ல. பயந்தவன் பொழைப்பான்.” ஒரு மூட்டையை நிமிர்த்தி மூக்கைத் துடைத்துவிட்டாள் இஷ்பெல். “நீ எங்க புள்ள கத்துக்கிட்ட அந்த நீள வளைவு?”

கிரியர் சொன்னது காதில் விழவில்லை. இஷ்பெல் இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சூப்புக்கு வந்தபோது என்னைத் தனியாக இழுத்தாள். “மார்சலி, அவ என்ன சொன்னா தெரியுமா? கேலமோட கோடு உங்க கோட்டுக்குப் பக்கத்துல நிக்காதுன்னா.”

“நல்லதாப் போச்சு.”

“உங்க கோடுன்னுதான் சொன்னா. நம்ம கோடுன்னு சொல்லல. அப்ப அவளோடது அதுக்கும் மேலன்னு நெனைக்கிறாளா? இல்ல, மரியாதைக்குச் சொன்னாளா?”

“அவளையே கேளேன்.”

இஷ்பெல் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கிரியர் ஒரு குழந்தையைத் தன் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டிருந்தாள். அதையும் அழகாகவே செய்தாள்.

“கேக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டு, என்னையும் கேட்காமலே உப்புக் குப்பியை எடுத்துச் சூப்பில் இரண்டு தடவை தட்டினாள்.